தடி பந்தைத் தொடும் அந்தக் கணம்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நேர்காணல், வதிவிட அட்டை, வைத்தியர், ஜேர்மன் வகுப்பு என்றுதான் எழுதுவோம். இம்முறை பந்து அடிப்பதைப் பற்றி எழுதுகிறோம். சிரிக்க வேண்டாம். முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கட்டிலில் படுத்துக்கொண்டு தொலைபேசியையே பார்த்தால் பகலில் நித்திரை வரும். இரவில் நித்திரை வராது, யோசனைதான் வரும். கீழே சொல்லும் பயிற்சிக்கு ஒரு தும்புத்தடியும் நாலு அடி இடமும் போதும், காசு தேவையில்லை.

பாடம் கொல்ஃப் பற்றியது. "அது பணக்காரரின் விளையாட்டு அல்லவோ" என்று கேட்பீர்கள். உண்மைதான், மலிவான விளையாட்டு இல்லை. ஆனாலும் இங்கே உதவிக்கு வரும் சுவிஸ் தொண்டர்களில் கொல்ஃப் ஆடுகிறவர்களும் இருப்பார்கள். நீங்கள் ஊரில் கிரிக்கெற் ஆடினவர் என்று தெரிந்தால், "வாருங்கள், ஒருநாள் அடித்துப் பார்க்கலாம்" என்று கூப்பிடக்கூடும். அப்படி ஒரு அழைப்பு வந்தால் 'ஆம்' சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது பாசலில் இருப்பவர்களுக்கு மிக முக்கியமான கேள்வி. அதைப் பின்னால் சொல்கிறோம், தவறாமல் வாசியுங்கோ.

முதலில் அடியைப் பார்ப்போம். கொல்ஃப் தடியின் தலை பந்தோடு ஒட்டி இருப்பது எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு செக்கனை இரண்டாயிரம் துண்டாக வெட்டினால் ஏறக்குறைய அதில் ஒரு துண்டு. அந்த நேரத்தில் கண்ணால் எதையும் பார்க்க முடியாது, கையால் எதையும் திருத்தவும் முடியாது. பந்து எங்கே போகும் என்பது, தடி வந்து சேரும்போது உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு எண்ணம் உண்டு. அடிக்கத் தொடங்கும்போது எப்படி நின்றோமோ, பந்தில் தடி படும்போதும் அப்படியே திரும்பி வந்து நிற்க வேண்டும் என்று நினைப்பார்கள். அது சரியில்லை. தொடக்கத்தில் இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்கும், இடுப்பு பந்தைப் பார்த்தபடி இருக்கும், கைகள் ஏறக்குறையப் பந்துக்கு நேராக இருக்கும். பந்தில் படும் கணத்தில் இதெல்லாம் மாறியிருக்க வேண்டும். சோத்துக்கைக்காரருக்குச் சொல்கிறோம், இடக்கைக்காரர்கள் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கோ. பாரத்தில் பெரும்பகுதி இடது காலுக்கு வந்திருக்கும். இடது இடுப்பு பின்பக்கமாக விலகித் திரும்பி, பந்து போகும் திசைக்கு வழி விட்டிருக்கும். தோள்கள் இடுப்பு அளவுக்குத் திரும்பியிருக்காது, கொஞ்சம் பிந்தி வரும். வலது குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பத் தொடங்கியிருக்கும், வலது முழங்கால் உள்ளே வந்திருக்கும். கைகள் தடியின் தலைக்கு முன்னே போயிருக்கும். இடது மணிக்கட்டு பலகை போல நேராக இருக்கும். தலை மட்டும் பந்துக்கு முன்னால் ஓடிப் போகாமல், பந்துக்குச் சற்றுப் பின்னாலேயே நிற்கும்.

இதில் கைகள் முன்னே போவதுதான் பலருக்கு விளங்காத இடம். நிலத்தில் கிடக்கும் பந்தைப் பார்த்தவுடனே அதைக் கீழேயிருந்து அள்ளித் தூக்க வேண்டும் என்று கை நினைக்கும். மணிக்கட்டு மடங்கும், தடியின் தலை கையை முந்திக்கொண்டு போகும். விளைவு இரண்டில் ஒன்று: பந்துக்கு முன்னமே மண்ணில் குத்தும், அல்லது பந்தின் தலையில் பட்டு, பந்து நிலத்தோடு உருண்டு ஓடும். பந்தைத் தூக்குவது உங்கள் வேலையே இல்லை. தடியின் முகம் ஏற்கனவே சாய்வாகச் செய்யப்பட்டிருக்கிறது. நடுத்தரமான ஒரு இரும்புத் தடியில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 30 பாகை வரும். தூக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் முதலில் பந்து, பிறகு புல் என்ற ஒழுங்கில் சற்றுக் கீழ்நோக்கி அடித்தால் போதும். நல்ல ஆட்டக்காரர் அடித்த இடத்தைப் பாருங்கோ, புல் பெயர்ந்த தழும்பு பந்து இருந்த இடத்துக்கு முன்னால்தான் தொடங்கும்.

(சிறு கட்டையில் பந்தை உயர்த்தி வைத்து மிக நீளமான தடியால் அடிக்கும் முதல் அடி மட்டும் வேறு மாதிரி. அங்கே பந்தை இடது குதிக்கால் பக்கம் வைத்து, சற்று மேல்நோக்கி அடிக்க வேண்டும். அதை இப்போதைக்கு விடுங்கோ.)

கிரிக்கெற் ஆடினவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையில் 1904 இல் தொடங்கிய 'வடக்கின் பெரும்போர்' பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பாடசாலை அணியில் ஆடாவிட்டாலும் ஒழுங்கையில் ரெனிஸ் பந்துக்கு அடிக்காதவர் யார்? அந்தப் பழக்கம் கொல்ஃபில் பாதி உதவும், பாதி உபத்திரவம் தரும்.

உதவுவது எது என்றால், முன்காலில் பாரத்தைக் கொண்டுவருவது. முன்னுக்கு வந்து 'ட்ரைவ்' அடிக்கும்போது மேல்கை தடியை இழுத்துக்கொண்டு போகும், கீழ்க்கை அடக்கமாகப் பின்னால் வரும். துடுப்பின் பிடி முன்னே, துடுப்பின் அடி பின்னே. பந்து நிலத்தோடு போக வேண்டுமென்றால் இப்படித்தான் அடிக்க வேண்டும் என்று உங்கள் பயிற்றுநர் நூறு தரம் கத்தியிருப்பார். கொல்ஃபில் கைகள் முன்னே போவது என்பதும் இதே சங்கதிதான். வேறு ஒருவருக்கு ஒரு மாதம் எடுக்கும் விஷயம் உங்களுக்கு ஒரு பின்னேரத்தில் பிடிபடலாம்.

உபத்திரவம் தலையில் இருக்கிறது. கிரிக்கெற்றில் பந்து உங்களை நோக்கி வருகிறது, அதனால் தலையைக் கொண்டுபோய்ப் பந்துக்கு மேலே வைக்கச் சொல்லித் தருவார்கள். கொல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. அங்கேயும் உடம்பு முழுவதையும் முன்னால் எறிந்தால் தலை பந்தைத் தாண்டிவிடும். தடி நேராக வராமல் வெளியேயிருந்து உள்ளே குறுக்காக வெட்டும், பந்து வலப்பக்கமாக வளைந்து காட்டுக்குள் போகும். ஆகவே பாரம் இடது காலுக்குப் போகட்டும், இடுப்பு திரும்பட்டும், தலை மட்டும் நிற்கட்டும். சொல்ல லேசு, செய்யக் கஷ்டம்.

கிரிக்கெற்றை விட நம்முடைய கிட்டிப்புள்ளுத்தான் கொல்ஃபுக்குக் கிட்டின சொந்தம் என்பது எங்கள் அபிப்பிராயம். அதிலும் அடிபடும் பொருள் நிலத்தில் கிடக்கிறது, யாரும் எறிவதில்லை. சுவிஸ் நாட்டவருக்கும் இப்படி ஒரு ஊர் விளையாட்டு உண்டு. பேர்ண் மாநிலத்து எமென்தால் பக்கத்தில் பெயர்போன அதன் பெயர் ஹோர்னுசன். வளையும் நீண்ட தடியின் நுனியால் ஒரு சிறு வட்டை அடித்து முந்நூறு மீற்றர் வரை அனுப்புவார்கள். எதிரணியில் 18 பேர் பலகைகளை மேலே எறிந்து அதை மறிக்கப் பார்ப்பார்கள். ஜேர்மன் வகுப்பில் கதைக்க ஒரு விஷயம் வேண்டுமென்றால் இதைப் பற்றிக் கேளுங்கோ, ஆசிரியர் சந்தோஷப்படுவார்.

பலம் எங்கேயிருந்து வருகிறது?

கையில் இருந்து என்று நினைப்பது பிழை. வீச்சுவலை எறிகிறவரைப் பார்த்திருப்பீர்கள். வலையின் பாரத்தைக் கையால் மட்டும் எறிந்தால் வலை சுருண்டு காலடியில் விழும். அவர் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, பிறகு தோளைத் திருப்பி, கடைசியில்தான் கையை விடுவார். வலை வட்டமாக விரியும். கொல்ஃப் அடியின் ஒழுங்கும் அதுவே: பாதம், இடுப்பு, நெஞ்சு, கை, கடைசியாகத் தடி. கை முந்திப் புறப்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

இன்னொரு பொதுவான பிழை, அடிக்கும்போது எழும்பி நிற்பது. குனிந்து நின்ற உடம்பு, பந்து கிட்ட வரும்போது இடுப்பைப் பந்தை நோக்கித் தள்ளிக்கொண்டு நிமிரும். கைகளுக்குப் போக இடம் இருக்காது, தடி பந்தின் மேலே படும். நாரியும் நோகும். இதற்கு மருந்து ஒரு சுவர். சுவருக்கு முதுகைக் காட்டி, இரண்டு பிட்டமும் சுவரில் மெல்லப் படுமாறு குனிந்து நில்லுங்கோ. தடி வேண்டாம், கைகளை நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கோ. பின்னால் திரும்பும்போது வலது பிட்டம் சுவரில் அழுந்த வேண்டும். அடிக்கத் திரும்பும்போது இடது பிட்டம் சுவருக்கு வர வேண்டும். இரண்டு பிட்டமும் சுவரை விட்டு விலகினால் நீங்கள் எழும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். பத்துத் தரம் செய்து, கொஞ்சம் ஆறி, திரும்பப் பத்து. முகாம் அறைக்குள்ளேயே செய்யலாம், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் என்ன இது என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

அடுத்ததுதான் இந்தப் பாடத்தின் முக்கிய பயிற்சி. ஒரு உறுதியான பைக்குள் பழைய உடுப்புகளை இறுக்கி அடைத்து, சுவர் ஓரமாக நிலத்தில் வையுங்கோ. அதுதான் பந்து. தும்புத்தடியைக் கொல்ஃப் தடி போலப் பிடித்து, முழங்கால் உயரத்துக்கு மட்டும் பின்னால் கொண்டுபோய், மெதுவாக வந்து பையில் முட்டி அப்படியே நில்லுங்கோ. உறைந்து நில்லுங்கோ. இப்போது கீழேயிருந்து மேலே உங்களையே பாருங்கோ. வலது குதிக்கால் எழும்பியிருக்கிறதா? வலது காலை நிலத்திலிருந்து லேசாகத் தூக்கினால் விழாமல் நிற்கிறீர்களா? நின்றால் பாரம் இடது காலுக்கு வந்துவிட்டது. அரைப்பட்டியின் வாள் பூட்டு எங்கே பார்க்கிறது? பையைப் பார்த்தால் இடுப்பு திரும்பவில்லை, பைக்கு இடப்பக்கம் பார்த்தால் சரி. தடியின் பிடி பையில் முட்டிய நுனியை விட முன்னே இருக்கிறதா? இடது மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா? ஒன்று பிழை என்றால் அந்த நிலையிலேயே நின்று கையாலும் காலாலும் திருத்துங்கோ, பத்து எண்ணும் வரை அப்படியே வைத்திருங்கோ. பிறகு திரும்பச் செய்யுங்கோ. வேகமாக அடித்துப் பழகுவதில் பிரயோசனம் இல்லை. சரியான நிலையை உடம்பு ஞாபகம் வைத்த பிறகு வேகம் தானாக வரும். ஒருவர் அடிக்க மற்றவர் பார்த்துச் சொல்வது இன்னும் நல்லது. தொலைபேசியில் படம் எடுத்தும் பார்க்கலாம், ஆனால் முகாமில் மற்றவர்களின் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. சிலருக்கு அது ஆபத்து.

பழைய காயம் உள்ளவர்கள்

இதை அவசரமாக வாசித்துவிட்டுப் போக வேண்டாம். இந்த விளையாட்டில் உடம்பு முறுகுகிறது. நாரிக்கும் தோளுக்கும் பாரம் வருகிறது. உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், எலும்பு முறிந்து சரியாகப் பொருந்தாதவர்கள், தடுப்பில் அடிபட்டவர்கள், கைகளைக் கட்டித் தூக்கப்பட்டதால் தோள்மூட்டு பழுதானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நீங்கள் அப்படி ஒருவர் என்றால், பயிற்சிக்கு முன் முகாமில் உள்ள மருத்துவத் தாதியிடம் சொல்லுங்கோ. கை மரத்துப் போனால், நோ காலுக்குள் இறங்கினால், உடனே நிறுத்துங்கோ. வேறு ஒரு விஷயமும் உண்டு. தடி காற்றில் வீசும் சத்தமே சிலருக்குப் பழையதைக் கொண்டுவரும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அது கோழைத்தனமும் இல்லை, விசரும் இல்லை. தடியை வைத்துவிட்டு நடக்கப் போங்கோ. சுவர்ப் பயிற்சிக்குத் தடியே தேவையில்லை, அதை மட்டும் செய்யலாம்.

காயத்தைப் பற்றி வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கோ. பெண்கள் பெண் வைத்தியரையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். வைத்தியர் எழுதும் அறிக்கை உங்கள் உடம்புக்கு மட்டும் உதவும் ஒன்றல்ல, அகதி விண்ணப்பத்திலும் அதற்கு இடம் உண்டு. 2019 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள விரைவு நடைமுறையில், மத்திய அரசின் முகாமில் இருப்பவர்களுக்கு இலவச சட்டப் பிரதிநிதி இருக்கிறார். பழைய காயம் உண்டு என்பதை அவருக்கும் நேரத்தோடு தெரியப்படுத்துங்கோ. "நேர்காணலில் கேட்டால் சொல்லலாம்" என்று இருந்துவிடுவது பலரும் விடும் பிழை.

விளையாடும்போது புதிதாக ஏதும் நடந்தால், முதலில் முகாம் தாதி, அல்லது மாநிலத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் உங்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியர். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரையும் கேட்காமல் 144. வேலை இல்லாதவர்களுக்கு விபத்துச் செலவு நோய்க் காப்புறுதியோடு சேர்ந்தே வரும். ஒரே முதலாளியிடம் வாரத்தில் 8 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தையும் முதலாளியின் விபத்துக் காப்புறுதி பார்க்கும். அடித்த பந்து அடுத்தவன் கண்ணாடியை உடைத்தால் அது வேறு கதை, அதற்குத் தனிப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறதா என்று சமூக உதவியாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கோ.

அந்த ஒரு கேள்வி

இனி, தொண்டர் ஒருவர் கொல்ஃபுக்குக் கூப்பிட்டால் கேட்க வேண்டிய கேள்வி: "மைதானம் எந்த நாட்டில் இருக்கிறது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாசல் நகரத்தின் பெயரைத் தாங்கிய கொல்ஃப் கழகத்தின் மைதானம் பாசலில் இல்லை, சுவிஸிலேயே இல்லை. அது பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஹகென்தால்-லெ-பா என்ற கிராமத்தில் இருக்கிறது. ஜேர்மனிப் பக்கம் கன்டெர்னிலும் ஒரு மைதானம் உண்டு. ரைன்ஃபெல்டன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் சுவிஸ் ரைன்ஃபெல்டன், பாலத்தைத் தாண்டினால் அதே பெயரில் ஜேர்மன் ஊர். கூப்பிடுகிற சுவிஸ்காரருக்கு எல்லை என்பது ஒரு பலகை மட்டும்தான். தினமும் சாமான் வாங்கவே அந்தப் பக்கம் போய் வருகிறவர், உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. அவரில் பிழை இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அகதி விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது தரப்படும் 'என்' வகை அட்டை பயணப் பத்திரம் அல்ல. அதை வைத்துக்கொண்டு பிரான்ஸுக்கோ ஜேர்மனிக்கோ ஒரு மணித்தியாலத்துக்கும் போக முடியாது. தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர்களின் 'எஃப்' அட்டைக்கும் இதே கவனம் வேண்டும். பிடிபட்டால் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்ததாகக் கொள்ளப்படலாம், உங்கள் விண்ணப்பத்திலும் தேவையில்லாத கேள்விகள் வரும். எல்லையில் ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜேர்மனி 2023 ஒக்ரோபரில் சுவிஸ் எல்லையில் மீண்டும் சோதனைகளைத் தொடங்கியது. சாதாரண உடுப்பில் நிற்கும் பொலிஸாரும் உண்டு.

கொல்ஃபை விடுங்கோ, ட்ராமிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. 8 ஆம் இலக்க ட்ராம் 2014 டிசம்பரில் இருந்து ஜேர்மனியின் வைல் அம் ரைன் வரை போகிறது. 3 ஆம் இலக்கம் 2017 டிசம்பரில் இருந்து பிரான்ஸின் சென்-லூயி வரை போகிறது. 10 ஆம் இலக்கம் ரொடெர்ஸ்டோர்ப் போகும் வழியில் லேமன் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்குள்ளால் போய்த் திரும்பவும் சுவிஸுக்குள் வரும். நித்திரையாகிக் கடைசித் தரிப்பு வரை போனால் வேறு நாட்டில் கண் விழிப்பீர்கள். ஃப்ரைபூர்கர்ஸ்ட்ராச முகாமில் இருப்பவர்களுக்கு எல்லை நடைதூரம், பந்தோடு உலாவப் போகும்போது எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்த்துப் போங்கோ. 10 ஆம் இலக்க வழியில் உங்களுக்கு ஒரு அலுவல் இருந்தால், போவதற்கு முன் சட்டப் பிரதிநிதியிடம் கேளுங்கோ.

தொண்டரிடம் இப்படிச் சொல்லலாம்: "எனக்கு வர விருப்பம். என் அட்டையோடு எல்லை தாண்ட முடியாது. சுவிஸுக்குள் உள்ள இடத்துக்குப் போவோமா?" நல்ல மனுஷர் யாரும் இதைக் குறையாக எடுக்க மாட்டார்.

எங்கே அடிப்பது?

பூங்காவில் உண்மையான கொல்ஃப் பந்தை ஒருபோதும் அடிக்க வேண்டாம். 46 கிராமுக்கும் குறைவான சிறிய பந்துதான், ஆனால் கல்லைப் போன்றது. பிள்ளை ஒன்றின் தலையில் பட்டால் பெரிய ஆபத்து. பஞ்சுப் பந்து அல்லது பழைய ரெனிஸ் பந்து போதும். ஷூட்சென்மத்த பூங்கா போன்ற இடங்களில் காலையில் சனம் குறைவு. ஆட்கள் படுத்திருக்கும் புல்வெளியில் வேண்டாம், நாய் கொண்டு வருகிறவர்களுக்கும் இடம் விடுங்கோ. பந்து யாரையாவது நோக்கிப் போனால் வெட்கப்படாமல் "ஆக்டுங்!" என்று பலமாகக் கத்துங்கோ, ஜேர்மனில் 'கவனம்' என்று அர்த்தம். இரவு 10 மணிக்குப் பிறகு முகாமிலும் வீட்டிலும் பையில் முட்டும் சத்தம் கூட வேண்டாம், கீழ்வீட்டுக்காரருக்கு அது இடி மாதிரிக் கேட்கும். முகாமை விட்டு வெளியே போகும் நேரத்தையும் திரும்ப வர வேண்டிய நேரத்தையும் வாசலில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கோ.

பெண்களும் இதைப் பழகலாம். பலத்தை விட ஒழுங்கு முக்கியமான அடி என்பதால், ஆண்களை விடச் சீக்கிரம் சரியான நிலைக்கு வருகிற பெண்களும் உண்டு. பிள்ளைகளுக்குத் தும்புத்தடி நீளம் கூட, அவர்களுக்குக் குடையின் பிடி காணும்.

பயிற்சி முடிந்ததும் தும்புத்தடியை எடுத்த இடத்தில் வையுங்கோ. துப்புரவுப் பட்டியலில் அன்றைக்கு உங்கள் முறையா என்றும் ஒருக்கால் பாருங்கோ.